ஏற்காடு மலைப்பாதைக்கு எல்.இ.டி. ஹெட்லைட் போடலாமா?

12 நவம்பர் 2024 – வாசகர் கேள்வி

அண்ணா, எனக்கு வேலை சேலத்தில், வீடு நாகலூர்ப் பக்கம். பத்து வருடப் பழைய கார், எச்4 ஹாலோஜன் பல்பு. இரவு அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பித்தால் சாலையே தெரிவதில்லை. எதிரே இறங்கி வருகிறவர்கள் எல்லாம் வெள்ளை விளக்குப் போட்டுக் கண்ணைப் பறிக்கிறார்கள். நானும் 6000 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை நிறம்) எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டிவிடலாம் என்றிருக்கிறேன். ஹாலோஜனைவிட மூன்று மடங்கு வெளிச்சம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

12 நவம்பர், இரவு

இப்போது வாங்காதீர்கள் தம்பி. இருக்கிற பல்பு அதன் முழு வெளிச்சத்தைத் தருகிறதா என்று பார்க்காமல் இன்னொரு பல்புக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பத்து வருட வண்டியில் அது முழுதாகத் தந்துகொண்டிருக்க வாய்ப்புக் குறைவு.

ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். என்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பிறகு பல்பின் பின்னால் இருக்கும் ஹோல்டரில், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அளந்து பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் பயனில்லை. மின்சாரம் ஓடினால்தான் ஒயரில் ஏற்படும் இழப்புத் தெரியும். இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள்.

15 நவம்பர்

நாகலூர்த் தம்பி அளந்து எழுதியிருக்கிறார்: பேட்டரியில் 14.1 வோல்ட், இடது ஹோல்டரில் 12.4, வலது ஹோல்டரில் 12.0. இதைத்தான் எதிர்பார்த்தேன்.

வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் நிறைய இறங்கிவிடும். ஐந்து சதவீத வோல்டேஜ் குறைந்தால் ஏறத்தாழ பதினாறு சதவீத வெளிச்சம் போய்விடும். உங்கள் வலது பல்புக்கு வர வேண்டியதில் இரண்டு வோல்டுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேட்டரியில் இருப்பது முழுதாக வந்து சேர்ந்தால் கிடைக்கக்கூடிய வெளிச்சத்தில் பத்தில் நான்கு பங்கு உங்களிடம் இல்லை. நீங்கள் மலை ஏறிக்கொண்டிருப்பது மீதி ஆறு பங்கை வைத்துத்தான்.

இழப்பு எங்கே நடக்கிறது என்றால், பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து மெல்லிய ஒயரில் மறுபடியும் முன்பக்கம் வருகிறது. டிம்மில் இரண்டு பல்புக்கும் சேர்த்து ஒன்பது ஆம்பியருக்குப் பக்கம் ஓடுகிறது. பழைய சுவிட்சில் தேய்மானம், இணைப்புகளில் பச்சை பூத்த செம்பு, பாடியில் திருகிய எர்த் முனையில் துரு. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது.

இதற்கு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து ஒயரிங் போட வேண்டும். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த ஒயர் நேராக ரிலேவுக்கு, அங்கிருந்து பல்புக்கு. பழைய ஒயரின் வேலை ரிலேவை இயக்குவதோடு முடிந்துவிடும். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான், ரிலேவைத் தொடும் முன் எர்த் நட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்ப்பார். அதற்கே அரை வோல்ட் ஏறி நான் பார்த்திருக்கிறேன். எர்த்தைச் சரிசெய்யாமல் ரிலே போடுவது பாதி வேலை.

16 நவம்பர்

ரிலே போட்ட பிறகு 100/90 வாட் பல்பு போடலாமே என்று ஓமலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

கூடாது. எச்4 என்பது 60/55 வாட், அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. ஹோல்டர், ரிப்ளெக்டர் (பல்பைச் சுற்றி வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கிண்ணம்) எல்லாம் அந்தச் சூட்டுக்காகச் செய்யப்பட்டவை. மச்சானின் மேசை இழுப்பறையில் கழற்றிப் போட்ட ஹோல்டர்கள் கிடக்கின்றன. வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், ஒரு முனை மட்டும் உருகி ஒயரோடு ஒட்டிப்போயிருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாசம் இன்னும் வரும். ரிப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சும் கொப்பளித்துவிடும். அதன் பிறகு எந்தப் பல்பு போட்டாலும் வெளிச்சம் திரும்பாது.

17 நவம்பர்

இப்போது எல்.இ.டி. விஷயம். எல்.இ.டி. மேல் எனக்குப் பகை கிடையாது. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்காக வடிவமைத்த ஹெட்லைட் அருமையானது. ஹாலோஜனுக்காகச் செய்த கிண்ணத்துக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகுவதுதான் எனக்கு ஒவ்வாதது.

ஒரு எச்4 பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். முன்னால் இருக்கும் டிம் இழைக்கு அடியில் சின்ன உலோகத் தொட்டி ஒன்று தெரியும். அந்தத் தொட்டிதான் முக்கியம். கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடுவதால், ரிப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் விழுந்து, அங்கிருந்து சாலையை நோக்கிக் கீழே வருகிறது. எதிரே வருகிறவர் கண்ணில் படாமல் ஒரு கோடு போட்டு வெட்டியதுபோல் கதிர் நிற்பதற்கு அதுவே காரணம். இழையின் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் அந்தக் கோடு கலைந்துவிடும். 1971இல் வந்த வடிவம் இது. இத்தனை வருடம் நிலைத்ததற்கு அந்தத் துல்லியம் ஒரு காரணம்.

எல்.இ.டி. பல்பில் இழை இருந்த இடத்தில், பலகை ஒன்றின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள் இருக்கின்றன. இழை எல்லாப் பக்கமும் ஒளிரும், சில்லு தன் முகம் இருக்கும் பக்கம் மட்டும் ஒளிரும். பலகையின் தடிமன் காரணமாக இரண்டு சில்லும் குவியத்திலிருந்து விலகியே நிற்கும். எனவே மொத்த வெளிச்சம் கூடுகிறது, அது போக வேண்டிய இடம் மாறுகிறது. கொஞ்சம் மரக்கிளைக்கு, கொஞ்சம் எதிர்வண்டி ஓட்டுநரின் முகத்துக்கு. கடைக்காரர் சொல்லும் மூன்று மடங்கு, பல்பிலிருந்து வெளியேறும் வெளிச்சம். சாலையில் ஐம்பது மீட்டருக்கு அப்பால் என்ன விழுகிறது என்பதை அவர் அளந்திருக்க மாட்டார்.

ஜெர்மனியில் 2020இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். எல்லா வண்டிக்கும் கொடுக்கவில்லை. இந்த வண்டி, அதில் இந்த ஹெட்லைட் என்று சோதித்துப் பட்டியல் போட்டுத்தான் கொடுத்தார்கள். கிண்ணமும் பல்பும் பொருந்த வேண்டும் என்பதை அவர்கள் அந்த அளவுக்கு முக்கியமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

18 நவம்பர்

"நான் போட்டிருக்கிறேன், பகல் போலத் தெரிகிறது" என்று அயோத்தியாப்பட்டணம் நண்பர் எழுதியிருக்கிறார். அவருக்கு அப்படித் தெரிவது உண்மைதான். என் சித்தப்பா காரிலும் இந்தப் பல்பு இருந்தது. நானே ஓட்டினேன். பம்பருக்கு முன்னால் பதினைந்து மீட்டர் தூரம் வெள்ளையடித்த சுவர்போலப் பளபளக்கும். கண்ணின் பாப்பா அந்த வெளிச்சத்துக்குச் சுருங்கிக்கொள்ளும். சுருங்கிய கண்ணுக்கு அதற்கு அப்பால் இருப்பது முன்பைவிட இருட்டு. அருகில் எவ்வளவு வெளிச்சம் கொட்டுகிறதோ அவ்வளவுக்குத் தூரப் பார்வை குறையும்.

உளுந்தூர்ப்பேட்டை சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்க எழுபது மீட்டர்வரை பிடிக்கும். பதினைந்து மீட்டர் பளபளப்பால் அங்கே என்ன பயன்? வாழப்பாடியைத் தாண்டி, விளக்கில்லாமல் நிறுத்தியிருக்கும் டிராக்டர் டிரெய்லர் அந்தத் தூரத்துக்கு அப்பால்தான் இருக்கும்.

3 டிசம்பர்

புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். நாகலூர்த் தம்பி, சாலை சரியாகும்வரை இரவுப் பயணம் வேண்டாம். எவ்வளவு நல்ல விளக்கானாலும், நனைந்த மண் எப்போது கீழே வரும் என்பதைக் காட்டாது.

8 டிசம்பர்

மூடுபனிக்கு மஞ்சள் விளக்கா, வெள்ளை விளக்கா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது நம்மூரில் எல்லோரும் சொல்வது. பனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளில் இருக்கும் நன்மை வேறு. நீலம் கலந்த வெளிச்சம் கண்ணை அதிகம் கூசவைக்கும், மஞ்சளில் அந்த நீலம் கிடையாது. பனியில் பட்டு நம்மிடமே திரும்பி வரும் வெளிச்சம் மஞ்சளாக இருந்தால் கண்ணுக்குத் தொல்லை குறைவு. பிரான்சில் 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்தான் கட்டாயம். 6000 கெல்வின் பல்பு இதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. ஹாலோஜன் 3200 கெல்வினை ஒட்டி, இயல்பாகவே இளமஞ்சள்.

நிறத்தைவிட உயரம் முக்கியம். பனி விளக்கு பம்பரின் அடியில், தாழ்வாக, அகலமாக, மேல் விளிம்பு வெட்டியதுபோல் இருக்க வேண்டும். நம் கண் இருக்கும் உயரத்துக்கும் விளக்குக்கும் இடைவெளி கூடக்கூடத் திரும்பி வரும் வெளிச்சம் குறையும். ஜீப்பின் கூரைமேல் வரிசையாக எல்.இ.டி. பட்டை பொருத்திக்கொண்டு பனியில் ஏறுகிறவர்கள் தங்கள் முன்னால் தாங்களே வெள்ளைத் திரை கட்டிக்கொள்கிறார்கள். பிரைட் போடுவதும் அப்படித்தான். பனியில் டிம் மட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் கேட்கவில்லை. பனி வந்ததும் நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்டவிட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். முன்னால் போகிற வண்டி திரும்புகிறதா, நிற்கிறதா, பழுதாகிக் கிடக்கிறதா என்று பின்னால் வருகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. ஓடுகிற வண்டியில் தயவுசெய்து போடாதீர்கள்.

22 டிசம்பர்

கொண்டை ஊசி வளைவில் எந்த பல்பு போட்டாலும் சாலை தெரியவில்லையே என்று நாகலூர்த் தம்பி மறுபடியும் எழுதியிருக்கிறார். ரிலே போட்டாகிவிட்டது, நேர்ச்சாலையில் நல்ல வித்தியாசம், வளைவில் மட்டும் பழையபடிதான் என்கிறார்.

அது பல்பால் தீராது. ஹெட்லைட் பானெட் பார்க்கும் திசையில்தான் பார்க்கும். இருபது வளைவிலும் வண்டி திரும்ப ஆரம்பிக்கும்போது விளக்கு தடுப்புச் சுவரையும் அதற்கு அப்பால் பள்ளத்தையும் காட்டிக்கொண்டிருக்கும். நாம் போகப்போகிற சாலை பக்கவாட்டில், இருட்டில் இருக்கும். அங்கே உதவுவது அகலமாகப் பரவும் பனி விளக்கு, இரண்டாவது கியர், திறந்த ஜன்னல்.

பகலைவிட இரவில் வளைவு ஒருவிதத்தில் பாதுகாப்பு என்பேன். மேலிருந்து வண்டி இறங்கினால், அது கண்ணில் படும் முன்பே அதன் வெளிச்சம் சில்வர் ஓக் மரங்களின் மேல் நகர்வது தெரியும். அந்த அசைவைப் பார்த்துத்தான் பழகிய ஓட்டுநர்கள் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நிற்கிறார்கள். நம்முடைய விளக்கு கண்டபடி சிதறி மரம் செடி எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டால் எதிர்வண்டியின் அந்த மெல்லிய வெளிச்சம் அதில் கரைந்துவிடும். சிதறும் எல்.இ.டி. வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் இது. அவனுக்குக் கண் கூசுகிறது, எனக்கு அவன் வருவது தெரியவில்லை, இரண்டும் ஒரே வளைவில் நடக்கிறது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும் என்பது விதி. கண் கூசிப்போனவனால் எதற்கு வழிவிட முடியும்?

காட்டெருமையும் அப்படித்தான். கருத்த உடம்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும், வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள் மட்டும் முதலில் தெரியும். அதற்குச் சாலையை ஒட்டித் தாழ்வாகப் போகும் கதிர் வேண்டும்.

9 ஜனவரி 2025

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவருக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி ஹெட்லைட்டின் கதிர் கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து எட்டு மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கிறவருக்குக் கூசக் கூடாது. ஒன்றரை மீட்டர் என்பது நடந்து போகிறவரின் கண்ணுக்குப் பக்கம். விதி எழுதியவர்கள் எதிரே வரும் காரை மட்டும் நினைக்கவில்லை.

ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். கதிர் தவறான இடத்துக்குப் போனால் திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஸ்டிக்கர் வெளிச்சத்தைக் குறைக்கும், அதன் திசையை மாற்றாது.

14 ஜனவரி

பொங்கலுக்கு வந்த அப்பாவை இரவு சன்னியாசிகுண்டு பக்கம் உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். எதிரே வெள்ளை விளக்கு வரும்போதெல்லாம் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். கண்புரை ஆரம்பித்திருக்கிறது. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வட்டம் தெரிகிறதாம், வண்டி கடந்துபோன பிறகும் சற்று நேரம் ஒன்றும் தெரிவதில்லையாம். வயதாக ஆகக் கண் கூச்சத்திலிருந்து மீள நேரம் கூடுகிறது. இருபத்தைந்து வயதுக்காரர் போட்ட பல்பு இருபத்தைந்து வயதுக் கண்ணைத்தான் மனதில் வைத்திருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் மொபெட்டில் வரும் பால்காரரை யார் நினைக்கிறார்கள்?

2 பிப்ரவரி

ஹெட்லைட் உயரம் சரிபார்ப்பது எப்படி என்று விளக்கமாகக் கேட்டார்கள்.

சமதரையில், சுவருக்கு நேராகப் பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். டிம் கதிரின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடது பக்கம் மட்டும் விளிம்பு சரிந்து மேலே ஏறும். சாலையோரம் நடக்கிறவர்களைக் காட்டுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் அது தட்டையாகவே இருக்க வேண்டும்.

டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று பல கார்களில் இருக்கிறது. அதைத் தொட்டே பார்க்காதவர்கள் ஏராளம். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையப் பெட்டி என்றால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், கதிர் எதிரே வருகிறவர் நெற்றிக்குப் போகும். சக்கரத்தைத் திருப்பிக் கதிரை இறக்க வேண்டும். காசு செலவில்லாத வேலை இது. குடும்பத்தோடு ஏற்காடு போகிறவர்கள் அடிவாரத்திலேயே திருப்பிவிடுங்கள்.

ஹெட்லைட் முகம் மஞ்சளாக மங்கியிருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். பிளாஸ்டிக் முகத்தை வெயில் அரித்துவிடுகிறது. 1000இல் ஆரம்பித்து 3000வரை நைசான நீர் உப்புத்தாளால் ஈரத்தோடு தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புறஊதா காப்புப் பூச்சு கட்டாயம் போட வேண்டும். பற்பசையால் தேய்ப்பது சில வாரம் பளிச்சென்று காட்டும். காப்பு இல்லாததால் முன்பைவிட வேகமாக மங்கும்.

9 பிப்ரவரி

நவம்பர் 15 குறிப்போடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிலே போட்டபின் பல்பின் ஆயுள் குறையும். வோல்டேஜ் ஏறினால் இழை வெண்மையாக எரிகிறது, சீக்கிரம் அறுந்தும் போகிறது. அதனால் டாஷ்போர்டு பெட்டியில் ஒரு பல்பு எப்போதும் இருக்கட்டும். மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் சூடேறி வெடிக்கும்.

18 மே

கோடை விழா நெருங்குவதால் மலைப்பாதையில் வெளியூர் வண்டிகள் பெருகிவிட்டன. இணையத்தில் வாங்கிய முழு ஹெட்லைட் செட் பொருத்திய வண்டி ஒன்று மச்சானின் பட்டறைக்கு வந்தது. புரொஜெக்டர் (முன்னால் லென்ஸ் வைத்த விளக்கு), கதிர் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் சுத்தம். ஆனால் சுவரில் பார்த்தால் விளிம்பு வலப்பக்கம் ஏறியிருந்தது. வலதுபக்கம் வண்டி ஓடும் நாட்டுக்காகச் செய்த விளக்கு. நம் சாலையில் அது நடைபாதையை விட்டுவிட்டு, எதிரே வருகிறவனின் கண்ணைக் குறிவைக்கும். எந்தத் திருகைத் திருப்பினாலும் இது மாறாது.

ஐரோப்பியத் தர முத்திரை உள்ள விளக்கென்றால் முகத்தில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் எண்ணும் இருக்கும். பக்கத்திலேயே அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கை எதிரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலப்பக்கம் காட்டினால் அது நம் நாட்டுக்குப் பொருந்தும், இடப்பக்கச் சாலைக்கான விளக்கு. அம்பே இல்லையென்றால் வலப்பக்கச் சாலைக்கு மட்டும். இருபக்கமும் அம்பு இருந்தால் மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு.

1 ஜூன்

நாகலூர்த் தம்பி எழுதியிருக்கிறார்: ரிலே போட்டபின் ஹோல்டரில் 13.7, முகத்தைத் தேய்த்தாகிவிட்டது, உயரம் சரி, தாழ்வாக ஒரு ஜோடி பனி விளக்கும் போட்டாயிற்று. இப்போது நல்ல கம்பெனி ஹாலோஜனுக்கு மாற வேண்டுமா என்கிறார்.

பழைய பல்பின் கண்ணாடி உட்புறம் கருத்திருந்தால் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். அட்டையில் "100 சதவீதம் அதிகம்" என்று போட்டிருப்பதை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். சாலையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விழும் வெளிச்சத்தைத்தான் அப்படி எழுதுகிறார்கள். அந்தப் பல்புகளின் ஆயுளும் குறைவு. நீலப் பூச்சு போட்ட பல்பை மட்டும் தொடவே தொடாதீர்கள், அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கை வடிகட்டி வைத்துக்கொள்கிறது. சாதாரண 60/55, நிறமில்லாத கண்ணாடி. மாற்றிய பிறகு சுவரில் ஒரு முறை உயரத்தைப் பார்த்துவிடுங்கள்.